மூன்று பெடல், இரண்டு கால்!

பின் ஸீட்டில் உட்கார்ந்து பிரயாணம் செய்கிறவர்களுக்குக் கார் ஓட்டுவதைப் போன்ற சுலபமான காரியம் உலகத்தில் வேறு கிடையாது. "அந்த லாரியை முந்தியிருக்கலாமே!", "இந்தச் சந்தில் நுழைந்திருக்கலாமே!" என்று அவர்கள் சொல்லும் யோசனைகளுக்குக் கணக்கே இல்லை. அதே மனிதரை ஸ்டியரிங்குக்கு நேரே உட்கார வைத்துப் பாருங்கள். காலடியில் மூன்று பெடல்கள் இருக்கின்றன; ஆண்டவன் கொடுத்த கால்களோ இரண்டுதான். இடது கைக்குப் பக்கத்தில் ஒரு கம்பி. அதன் தலையில் 1 முதல் 5 வரை எண்கள். போதாததற்கு 'ஆர்' என்று ஓர் ஆங்கில எழுத்து வேறு. யோசனை சொன்ன வாய் ஐந்தே நிமிஷத்தில் அடைத்துப் போகும்!

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கார் நிற்கலாம். அதை ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒருவராக இருக்கலாம். அவர் ஊரில் இல்லாத அன்றோ, உடம்பு சரியில்லாத அன்றோ, அந்தக் கார் வாசலில் கிடக்கும் கருங்கல்லுக்குச் சமானம். "நாமும் கற்றுக்கொண்டால் என்ன?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். "கியர் வண்டியாயிற்றே!" என்ற பயம் உடனே வந்து அந்த எண்ணத்தை அமுக்கியிருக்கும்.

கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வேகத்தைப் பற்றிய பயம் அவ்வளவாக இல்லை. நடுத்தெருவில் வண்டி நின்று, பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்களே, அதுதான் பெரிய பயம். அந்தப் பயத்துக்கு மருந்து ஒன்று உண்டு. காலடியில் என்ன நடக்கிறது என்று ஒரு முறை தெளிவாகத் தெரிந்துகொண்டால் போதும். பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி பழக்கத்தில் போகும்.

எதற்கு இந்தத் தொல்லை?

மாட்டு வண்டிக்குக் கிளட்ச் உண்டா? கிடையாது. காளை நின்ற இடத்திலிருந்தே இழுக்கும். மெதுவாக அடியெடுத்து வைக்கும்போதுதான் அதன் முழுப் பலமும் வெளிப்படும். பெட்ரோல், டீசல் யந்திரங்களின் சுபாவம் நேர் விரோதமானது. அவை நின்ற நிலையில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தமாட்டா. முதலில் அவை சுழல வேண்டும். சும்மா நிற்கும் காரில்கூட யந்திரம் நிமிஷத்துக்கு உத்தேசமாக 800 தடவை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு மிகவும் கீழே இறங்கினால் மூச்சு முட்டி நின்றுவிடும்.

இப்போது சங்கடத்தைப் பாருங்கள். யந்திரம் சுழன்றுகொண்டிருக்கிறது, சக்கரம் அசையாமல் இருக்கிறது. இரண்டையும் திடீரென்று ஒன்றாகக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? ஒன்று, வண்டி தவளை போலத் துள்ளும். அல்லது யந்திரம் 'டக்' என்று நின்றுபோகும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும்!

இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்க வந்த சமாதானத் தூதர்தான் கிளட்ச். இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளை முகத்துக்கு முகம் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு யந்திரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. மற்றொன்று கியர் பெட்டி வழியாகச் சக்கரத்தோடு சேர்ந்தது. வலுவான ஒரு ஸ்பிரிங் இரண்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது காலால் பெடலை மிதித்தால் தட்டுகள் விலகுகின்றன. யந்திரம் தன்பாட்டுக்குச் சுழலும், வண்டி தன்பாட்டுக்கு நிற்கும். பெடலை மெல்ல மெல்ல விட்டால் தட்டுகள் முதலில் லேசாக உரசும். சுழலும் தட்டு, நிற்கும் தட்டைத் தன்னோடு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் இரண்டும் ஒரே வேகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த 'லேசாக உரசும்' இடத்தைத்தான் நம் ஊர் டிரைவர்கள் 'ஆஃப் கிளட்ச்' என்கிறார்கள். கியர் கார் வித்தை முழுவதும் அந்த ஓரங்குல இடத்தில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

சரி, கியர் எதற்கு? கனமான கல்லைக் கையால் புரட்ட முடியாதபோது கடப்பாரையைக் கொடுத்து நெம்புகிறோம் அல்லவா? கை நிறைய தூரம் நகரும்; கல் கொஞ்சம்தான் நகரும்; ஆனால் நகரும். முதல் கியர் அப்படிப்பட்ட கடப்பாரை. சாதாரணச் சிறிய காரில், முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் யந்திரம் பதினான்கு, பதினைந்து சுற்றுச் சுற்றிவிடுகிறது. பலம் அதிகம், வேகம் குறைவு. வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு பலம் தேவையில்லை. ஆகவே இரண்டு, மூன்று என்று ஏறிப் போகிறோம். ஐந்தாவது கியரில் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு யந்திரம் மூன்று, நான்கு சுற்றுத்தான் சுற்றும். பலம் குறைவு, வேகம் அதிகம், பெட்ரோல் செலவும் குறைவு.

ஒரு துணிச்சல்கார அம்மாள்

உலகத்தில் முதன்முதலாக மோட்டார் வண்டியில் நெடுந்தூரப் பிரயாணம் செய்தவர் யார் தெரியுமா? ஒரு பெண்மணி! ஜெர்மனியில் மோட்டார் வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ்தான் அவர். 1888-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமலே, இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, மான்ஹைம் நகரிலிருந்து சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்திலிருந்த போர்ஸ்ஹைமுக்குத் தாயார் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். வழியில் பெட்ரோல் பங்க் ஏது? மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் வைத்து அடிக்கச் செய்தார்.

ஆனால் மேடு வந்தபோது மட்டும் அவருடைய சாமர்த்தியம் பலிக்கவில்லை. ஏற்றத்தில் இழுப்பதற்கு வேண்டிய பலம் வண்டியில் இல்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. திரும்பி வந்ததும் அம்மாள் கணவரிடம் அதைச் சொன்னார். மேடு ஏறுவதற்கென்று வண்டியில் இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது. இன்று நாம் ஏற்றத்தில் கம்பியை இழுத்து 'லோ கியர்' போடும்போதெல்லாம் அந்த அம்மாளுக்கு ஒரு நமஸ்காரம் போடலாம்.

அதற்குப் பின் வந்த கியர் பெட்டிகள் முரட்டு ஆசாமிகள். வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல் சக்கரங்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். கொஞ்சம் தப்பினால் 'கடகட'வென்று பற்கள் அரைபடும் சத்தம் தெருக்கோடி வரையில் கேட்கும். அதனால் அந்தக் காலத்து டிரைவர்கள் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் சமன் செய்த பிறகே கம்பியைத் தள்ளுவார்கள். 'டபுள் கிளட்ச்' என்று அதற்குப் பெயர். 1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் ஒரு புதுமை வந்தது. பற்கள் கோப்பதற்கு முன்பே கூம்பு வடிவமான ஒரு வளையம் உரசி, இரண்டின் வேகத்தையும் தானே சமன் செய்துவிடும். 'சிங்க்ரோமெஷ்' என்ற அந்த ஏற்பாடு எல்லாக் கார்களுக்கும் பரவியது. நாம் இன்று சத்தமில்லாமல் கியர் போடுவது அதன் புண்ணியத்தில்தான்.

நம் தேசத்தில் 1958 முதல் 2014 வரை தயாரான அம்பாஸிடர் காரை மறக்க முடியுமா? பழைய அம்பாஸிடரிலும் ஃபியட்டிலும் கியர் கம்பி தரையில் இராது. ஸ்டியரிங்குக்குக் கீழேயே பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். முன் ஸீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். கம்பி யார் முழங்காலிலும் இடிக்காது. 1983-ம் வருஷக் கடைசியில் மாருதி 800 வந்தது. அதன் தரைக் கியரில் பழகிய பிள்ளைகளை அப்பாவின் அம்பாஸிடரில் உட்கார வைத்தால், கம்பியை எங்கே தேடுவது என்று திகைத்துப் போவார்கள்.

காலை ஆறு மணி வகுப்பு

சரித்திரம் போதும். கற்றுக்கொள்வது எப்படியென்று பார்க்க, சென்னைப் புறநகர் ஒன்றில் ஒரு டிரைவிங் ஸ்கூல் காரின் பின் ஸீட்டில் சில நாள் உட்கார்ந்து வந்தேன். காலை ஆறு மணி வகுப்புக்கு வந்தவர் ஐம்பத்து நான்கு வயது அம்மாள் ஒருவர். சொல்லிக் கொடுத்தவருக்கு முப்பது வயதிருக்கும். அவர் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. பள்ளிக்கூடத்துக் கார்களில் அப்படி வைத்திருப்பார்கள்.

"இந்த வயசுக்கு மேலே எதுக்கு அம்மா இந்த ஆசை?" என்று அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். அந்த அம்மாள் வேடிக்கையாகப் பதில் சொல்லவில்லை.

"ஆசையில்லை, தம்பி. போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு அவருக்கு மார்வலி வந்துடுத்து. நூற்றெட்டுக்குப் போன் பண்ணினேன். வண்டி வந்து சேர இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் கார் வாசல்லேயே நின்னுது. சாவி ஆணியிலே தொங்கிண்டிருந்தது. அவர் முகத்தையும் அந்தச் சாவியையும் மாத்தி மாத்திப் பார்த்துண்டு உட்கார்ந்திருந்தேன். நல்ல வேளை, பிழைச்சுட்டார். ஆனா இன்னொரு தடவை அந்தச் சாவியைச் சும்மா பார்த்துண்டு உட்கார என்னாலே முடியாது."

பள்ளிக்கூடத்துத் தம்பி அதற்கப்புறம் வேடிக்கை பேசவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதல் நாள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே விடவில்லை. சமதரையான மைதானம். "அம்மா, கிளட்சை முழுசா மிதிங்க. முதல் கியர் போடுங்க. இப்போ வலது கால் பிரேக்கை விட்டு ஓரமா சும்மா இருக்கட்டும். இடது குதிகாலைத் தரையிலே ஊன்றிக்கிட்டு, பாதத்தை மட்டும் மெதுவா விடுங்க. காதைத் தீட்டிக்கிட்டு இருங்க; சத்தம் மாறும்" என்றார்.

அம்மாள் மெதுவாகத்தான் விட்டார். ஆனால் பாதி தூரம் வந்ததும் பயத்தில் கால் துள்ளிவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. "ஆஃப் ஆயிடுத்தே!" என்றார் அம்மாள், பாத்திரத்தைக் கீழே போட்டு உடைத்தவரைப் போல.

"ஆகட்டும், அம்மா. ஆஃப் ஆனா வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. திரும்பவும் சாவியைத் திருகுங்க."

ஒன்பதாவது தடவையோ, பத்தாவது தடவையோ, யந்திரத்தின் சத்தம் சற்றே கனத்தது. வண்டியில் ஓர் அதிர்வு தெரிந்தது. "அங்கேயே நிறுத்துங்க காலை!" என்றார் தம்பி. கார் எறும்பு போல நகர்ந்தது. ஆக்ஸிலரேட்டர் இல்லாமலே, கிளட்ச் ஒன்றை வைத்தே, மைதானத்தின் அந்தக் கோடி வரை போய்விட்டது. அன்று முழுவதும் அதே பாடம்தான்.

நேயர்களும் இப்படியே ஆரம்பிக்கலாம். ஆஃப் கிளட்ச் இடத்தைக் கால் கண்டுபிடித்துவிட்டால், பிறகு ஆக்ஸிலரேட்டரைச் சேர்ப்பது சுலபம். இன்னும் சில குறிப்புகள்:

கியர் கம்பியை முஷ்டியால் பிடித்து மல்யுத்தம் செய்யாதீர்கள். உள்ளங்கையால் தள்ளினால் போதும். நடுவிலுள்ள நியூட்ரல் இடத்துக்கு அது தானே வந்து சேரும். கம்பியைப் பார்க்கவும் கூடாது. கண் ரோட்டில், காது யந்திரத்தில். யந்திரம் இரைந்தால் மேல் கியர் கேட்கிறது என்று அர்த்தம். முனகி உதறினால் கீழ்க் கியர் கேட்கிறது என்று அர்த்தம்.

நிறுத்தும்போது முதலில் பிரேக். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு கிளட்ச். புதியவர்கள் பதற்றத்தில் முதலிலேயே கிளட்சை மிதித்துவிடுகிறார்கள். அப்போது யந்திரத்தின் பிடிப்பு விட்டுப்போய் வண்டி வழுக்கிக்கொண்டு முன்னே ஓடும். திடீரென்று குழந்தை குறுக்கே ஓடி வந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். பிரேக்கைப் பலமாக மிதியுங்கள். வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும்!

மேட்டில் நின்றால்?

ஆறாம் நாள் ரயில்வே மேம்பாலத்துக்குப் போனோம். பாதி ஏற்றத்தில் போக்குவரத்து நின்றது. எங்களுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி, மூக்கோடு மூக்கு உரசுவது போல வந்து நின்றது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் அதன் விளக்குகள் இரண்டும் விழித்துப் பார்த்தன. முன்னால் வழி விட்டது. அம்மாள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் பின்னால் நழுவியது. தம்பி தன் பிரேக்கை மிதித்துவிட்டார். லாரி ஹாரன் அடித்தது.

"அவர் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும். அவருக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும். கை பிரேக்கை இழுங்க, அம்மா" என்றார் தம்பி.

ஏற்றத்தில் கிளப்பும் முறை இதுதான்: கை பிரேக்கை இழுத்துவிட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலை காலுக்கு இல்லை. முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்தி, கிளட்சை ஆஃப் கிளட்ச் வரைக்கும் விட வேண்டும. காரின் முன்புறம் இலேசாகத் தூக்கினாற்போல் இருக்கும், சத்தம் கனக்கும். அப்போது இரண்டு கால்களையும் அசைக்காமல் கை பிரேக்கை விடுங்கள். கார் பின்னால் ஓர் அங்குலம்கூடப் போகாது.

அம்மாளின் கார் அன்று மூன்றாவது முயற்சியில் ஏறியது. பாலத்தின் உச்சிக்கு வந்ததும் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போகலாமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

இந்தப் பாடம் பரீட்சைக்கும் உதவும். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில், லைசென்ஸ் கேட்பவர் செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்பிக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. எல்லாக் கியர்களையும் போட்டுக் காட்ட வேண்டும், பின்னோக்கி ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. கார் ஓட்ட 18 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். முதலில் வாங்கும் பழகுநர் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாள் ஆன பிறகே பரீட்சைக்குப் போகலாம். அதுவரை காரின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இறங்கும்போது ஜாக்கிரதை!

ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கவும் தெரிய வேண்டும். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்குப் போகிற வழியில் 40. இத்தகைய பாதைகளில் இறங்கும்போது சிலர், "பெட்ரோல் மிச்சம்" என்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார்கள். இதைவிட அபாயமான சிக்கனம் கிடையாது. வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுகிறது. மிதித்து மிதித்துப் பிரேக் சூடேறி, கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காமல் போகும். கீழ்க் கியரில் இறங்கினால், சக்கரம் யந்திரத்தை இழுக்க வேண்டியிருப்பதால் யந்திரமே பிரேக் போல வேலை செய்யும். மேலும், இன்றைய இஞ்செக்‌ஷன் கார்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் வருவதே அடைபட்டுவிடுகிறது. நியூட்ரலில் போனாலோ, யந்திரத்தை அணையாமல் வைத்திருக்கப் பெட்ரோல் செலவாகிறது! ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, இறங்குவதற்கும் அதே கியர் என்பது மலைப்பாதை டிரைவர்களின் பழைய சூத்திரம். எதிரே மேலேறி வரும் வண்டிக்கு வழி விடுவதும் இறங்குகிறவரின் கடமை.

இன்னும் இரண்டு கெட்ட பழக்கங்களை ஆரம்பத்திலேயே விட்டுவிடுங்கள். ஓடும்போது இடது காலைக் கிளட்ச் பெடலின் மேலேயே வைத்திருப்பது ஒன்று. மேட்டிலும் சிக்னலிலும் பிரேக் போடாமல் ஆஃப் கிளட்சிலேயே காரை நிறுத்திப் பிடிப்பது மற்றொன்று. இரண்டிலும் தட்டுகள் ஓயாமல் உரசித் தேயும். வயலில் வைக்கோல் தீய்ந்தாற்போல ஒரு கருகல் வாசனை வந்தால், கிளட்ச் முறையிடுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இனியும் வேண்டுமா?

"இப்போதுதான் கியர் போடாமலே ஓடும் கார்கள் வந்துவிட்டனவே! மின்சாரக் காருக்குக் கிளட்சே கிடையாதாமே! இத்தனை கஷ்டப்பட வேண்டுமா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். மின்சார மோட்டார் காளையைப் போல நின்ற இடத்திலிருந்தே இழுக்கும். ஆகவே அதற்கு இந்தத் தொல்லை இல்லை. 2014-ல் மாருதி செலேரியோ வந்த பிறகு, கிளட்ச் பெடல் இல்லாத கார்கள் நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. அத்தகைய காரை வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கி ஓட்டலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

ஆனால் அவசரம் என்பது நாம் வாங்கப் போகும் காரைப் பார்த்து வருவதில்லை. வாசலில் நிற்கிற காரைப் பார்த்துத்தான் வருகிறது. அந்தக் கார் உங்களுடையதாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கலாம். வழியில் மயங்கி விழுந்தவருடையதாகவும் இருக்கலாம். நம் தெருக்களில் ஓடுபவற்றில் இன்னும் கியர் கார்களே அதிகம். கியர் காரில் பழகியவருக்கு மற்றதை ஓட்ட ஒரு மணி நேரம் போதும். மற்றதில் பழகியவர் கியர் காருக்கு வந்தால் அந்த மைதானத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆகையால், நேயர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பின் ஸீட்டிலிருந்து கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். பத்துத் தடவை வண்டி ஆஃப் ஆகும். பதினோராவது தடவை நகரும். அதற்கு அப்புறம் ஒன்று நிச்சயம்: டிரைவருக்கு யோசனை சொல்லும் பழக்கம் உங்களை விட்டுப் போய்விடும்!